இன்ஜினுக்குள் இருக்கும் சரக்கு



நமது இதழில் வரி, லைசென்ஸ், தராசு முத்திரை, விலை நிலவரம் இவற்றைப் பற்றித்தான் வழக்கமாக எழுதுவோம். இந்த முறை வண்டி இன்ஜினைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறோம். பருப்பு வியாபாரிக்கும் பிஸ்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தவர்கள் நாம். ஆனால் இன்று நம்மில் வண்டி இல்லாத வியாபாரி யார்? ஒருவரிடம் லாரி, ஒருவரிடம் மினி லாரி, ஒருவரிடம் லோடு ஆட்டோ, ஒன்றுமில்லாவிட்டால் கடைக்கு ஒரு ஜெனரேட்டர். கடைச் சரக்கில் ஒரு கல் கிடந்தால் கண்டுபிடிக்கும் நாம், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் இன்ஜின் சாமானில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுகிறோம். அப்படி நீட்டி நாங்கள் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

2019ஆம் ஆண்டு. தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது. விருதுநகரிலிருந்து பருப்பும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் புறப்பட்ட எங்கள் வண்டி சாத்தூர் தாண்டி நின்றுவிட்டது. ஸ்டார்ட்டரைப் போட்டால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் ஜாம். நான்கு மாதத்துக்கு முன்புதான் இன்ஜினை இறக்கி, போர் போட்டு, நான்கு பிஸ்டனையும் புதிதாக மாற்றியிருந்தோம்.

டிரைவர் எங்களிடம் பதினான்கு வருஷமாக இருப்பவர். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் ஓட்டியிருப்பார் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். கடை வாசலில், மூட்டை தூக்குகிறவர்களும் சரக்கெடுக்க வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டோம். “தண்ணி, ஆயில் ரெண்டும் பார்த்துட்டுத்தான் வண்டி எடுத்தேன் அண்ணாச்சி” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை.

வேறொரு பட்டறையில் இன்ஜினைப் பிரித்தார்கள். தண்ணீர் சரியாக இருந்தது. ஆயிலும் அளவில் இருந்தது. இரண்டு பிஸ்டன்கள் சிலிண்டரில் உரசிப் பிடித்து, அலுமினியம் சுவரில் அப்பிக் கிடந்தது. மேஸ்திரி நான்கு பிஸ்டனையும் துடைத்துக் கடைக்கே எடுத்துவந்து, “அண்ணாச்சி, உங்க தராசுல இதை நிறுத்துப் பாருங்க” என்றார். வத்தல் நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். பிடிக்காத இரண்டு பிஸ்டன்களுக்குள்ளேயே 22 கிராம் வித்தியாசம். “ஒரே செட்டுன்னு சொல்லி வித்த சாமான் இது. நல்ல செட்டுன்னா சில கிராமுக்கு மேல வித்தியாசம் வராது” என்றார் அவர்.

பெட்டியின் மேலே நல்ல பெயர்தான் அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது அந்தச் சரக்கு இல்லை. அதை வாங்கியது யார்? நாங்கள்தான். “பில் வேண்டாம்னா ஆயிரத்து எண்ணூறு குறைச்சுக்கலாம்” என்று கடையில் சொன்னபோது, சரி என்று தலையாட்டியதும் நாங்கள்தான்.

இன்ஜினுக்குள் என்னதான் இருக்கிறது, ஏன் ஒரு பிஸ்டனுக்கும் இன்னொரு பிஸ்டனுக்கும் இவ்வளவு பேதம் என்று அறியும் ஆசை அப்போதுதான் வந்தது. மேஸ்திரி சொன்னதையும், மெக்கானிக்கல் படித்த எங்கள் தம்பி மகன் உட்கார்ந்து விளக்கியதையும், பிறகு நாங்களே தேடிப் படித்ததையும் சேர்த்து, நம்மவர்களுக்குப் புரியும்படி கீழே எழுதுகிறோம்.

பிஸ்டன் தாங்கும் பாரம்

நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் குறுக்களவு 10 சென்டிமீட்டர், அது மேலும் கீழும் போகும் தூரமும் 10 சென்டிமீட்டர், பின்னோடு சேர்த்து எடை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் இன்ஜின் ஓடினால், விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்ப வேண்டும். ஆக, ஒரு விநாடியில் நூறு முறை ஓடி நூறு முறை நிற்கிறது.

ஓடுகிற வண்டியில் பிரேக் போட்டால் மூட்டைகள் முன்னால் சாய்கிற மாதிரி, மேலே போய்த் திரும்பும் பிஸ்டனும் ராடை இழுக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கிலோ பிஸ்டன் அந்த இடத்தில் சுமார் 650 கிலோ பாரமாக இழுக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. வேகமாகச் சுற்றும் இன்ஜினில் ஒவ்வொரு கிராம் எடையையும் குறைக்கப் பாடுபடுவது இதனால்தான். எங்கள் பிஸ்டனில் இருந்த 22 கிராம் வித்தியாசம் தராசில் 22 கிராம்தான். 3,000 சுற்றில் அது 14 கிலோ வித்தியாசமாக இன்ஜினை உதைத்துக்கொண்டிருந்தது.

இது இழுக்கும் கதை. அழுத்தும் கதை இன்னும் பெரிது. டீசல் வெடிக்கும்போது டர்போ வைத்த இன்ஜினில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவில் அழுத்தம் வரும். 10 சென்டிமீட்டர் பிஸ்டனின் தலைப்பரப்பு 78 சதுர சென்டிமீட்டருக்கு மேல். பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 12 டன். சரக்கேற்றிய ஒரு லாரியையே ஒரு தட்டின் மேல் வைத்து வைத்து எடுக்கிற மாதிரி.

சூடும் அப்படித்தான். வெடிக்கும் வாயுவின் சூடு 2,000 டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். பிறகு எப்படி அலுமினியப் பிஸ்டன் உருகாமல் இருக்கிறது? அந்தச் சூடு ஒரு கண நேரம்தான் நிற்கிறது. வாங்கிய சூட்டை அலுமினியம் மிக விரைவாகக் கடத்திவிடுகிறது, வார்ப்பிரும்பைப் போல் சுமார் மூன்று மடங்கு வேகத்தில். ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், அங்கிருந்து ரேடியேட்டர் தண்ணீருக்கும் சூடு போய்விடுகிறது. கீழேயிருந்து தெறிக்கும் ஆயிலும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. ஆகவே பிஸ்டனின் தலை 300 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. இந்த வரவு செலவில் ஒரு வழி அடைபட்டாலும் பிஸ்டன் திவாலாகிவிடும்.

பிஸ்டன்: அலுமினியம் ஒன்றுதான், பதம் வேறு

ஆரம்ப காலத்தில் பிஸ்டன்கள் வார்ப்பிரும்பில்தான் வந்தன. 1913இல் டபிள்யூ. ஓ. பென்ட்லி என்ற ஆங்கிலேயர் பாரிசில் ஒரு கார் தொழிற்சாலைக்குப் போனபோது, மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்கும் பாரமாக ஒரு சின்ன அலுமினியப் பிஸ்டன் இருந்ததைப் பார்த்தார். இதையே நிஜப் பிஸ்டனாகச் செய்தால் என்ன என்று செய்து பார்த்து, பந்தயத்தில் ஓட்டி ஜெயித்தார். முதல் உலகப் போரில் விமான இன்ஜின்களுக்கும் அந்த யோசனை போயிற்று. ஒரே அளவுள்ள துண்டில் வார்ப்பிரும்பு 7 கிலோவுக்கு மேல் என்றால் அலுமினியம் 2.7 கிலோதான். வேகத்துக்கு எது ஏற்றது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. சூடானால் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். 10 சென்டிமீட்டர் அலுமினியத் துண்டு 200 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பெருக்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்படியானால் இடைவெளி எங்கே போகும்?

இதற்குத்தான் அலுமினியத்தில் சிலிக்கான் கலக்கிறார்கள். நூற்றுக்கு 12 பங்கு சிலிக்கான் சேர்ந்தால் விரிவது குறைகிறது, தேய்மானமும் குறைகிறது. கூடவே கொஞ்சம் செம்பு, நிக்கல், மெக்னீசியம் சேர்த்தால் சூட்டிலும் பலம் நிற்கும். பெரும்பாலான வண்டிப் பிஸ்டன்கள் இந்தக் கலவைதான். சிலிக்கானை 16, 18 பங்குக்கு ஏற்றினால் விரிவது இன்னும் குறையும், ஆனால் உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உப்பு அதிகமானால் குழம்பு கெடுகிற மாதிரிதான். எதற்கும் ஒரு பதம் உண்டு.

அடுத்தது உருவம். பிஸ்டனைப் பார்த்தால் சரியான உருளை என்று நினைப்போம். உண்மையில் அப்படி இல்லை. சூடு அதிகம் வாங்கும் தலைப்பக்கம் கொஞ்சம் சிறுத்திருக்கும். குறுக்கே பார்த்தால் முழு வட்டமாகவும் இருக்காது. பின் செருகும் பக்கம் உலோகம் கனமாக இருப்பதால் அங்கே அதிகம் விரியும் என்று அந்தப் பக்கத்தை முன்கூட்டியே இம்மியளவு குறைத்துக் கடைந்திருப்பார்கள். குளிரில் கோணலாக இருப்பது, சூடேறிய பிறகு சரியான உருவத்துக்கு வந்து சேரும். இந்த அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. நம் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாது.

இப்போது போலிச் சரக்கின் சூட்சுமம் புரிந்திருக்கும். பழைய அலுமினியத்தைக் கண்டபடி உருக்கி வார்த்து, வட்டமாகக் கடைந்து, பளபளவென்று துடைத்துப் பெட்டியில் போட்டால் பார்வைக்குப் பிஸ்டன்தான். சிலிக்கான் பதம் இல்லை, கடைசல் கணக்கும் இல்லை. காலி வண்டியில் ஓடும். பாரம் ஏற்றி, வெயிலில், நெடுஞ்சாலையில் விட்டால் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வண்டிக்கு நேர்ந்தது இதுதான்.

டீசல் பிஸ்டனில் இன்னொரு நுட்பம். மேல் ரிங் உட்காரும் பள்ளம்தான் அதிகமாக அடிவாங்கும் இடம். அலுமினியம் அங்கே சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் நிக்கல் கலந்த ஒருவகை வார்ப்பிரும்பு வளையத்தை அலுமினியத்துக்குள்ளேயே வைத்து வார்த்துவிடுகிறார்கள். அந்த இரும்பு கிட்டத்தட்ட அலுமினியம் விரியும் அளவுக்கே விரியும் என்பதால் பிரிந்து வராது. இன்றைய பெரிய லாரிகளில் அழுத்தம் 200 கிலோவையும் தாண்டிவிட்டதால், பல இன்ஜின்களில் பிஸ்டனே எஃகுக்கு மாறிவிட்டது. நூறு வருஷம் கழித்து மறுபடியும் இரும்புக் குலத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். எடை கூடினாலும் மெல்லிய சுவராக வைத்துச் சரிக்கட்டுகிறார்கள்.

நம் நாட்டில் பிஸ்டன் செய்யும் தொழில் புதிதல்ல. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949இலேயே தொடங்கப்பட்டது. நல்ல சரக்கு வெளியூரில்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை.

ரிங்கும் சிலிண்டரும்

சிலிண்டர் சுவர் பெரும்பாலும் சாம்பல்நிற வார்ப்பிரும்பு. பழைய உலோகம் என்று இளப்பமாக நினைக்கக்கூடாது. அதற்குள் மெல்லிய செதில்களாகக் கரி, அதாவது கிராபைட், கலந்திருக்கிறது. அது தானே உரசலைக் குறைக்கும், ஆயிலையும் பிடித்துவைக்கும். சிலிண்டரைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாகச் செய்தால் நல்லது என்று தோன்றும். அது தவறு. குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் விழும்படி கல் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். புது இன்ஜினின் ரிங் அதில் உரசித்தான் படிந்து உட்காரும். ரிங்குகளும் வார்ப்பிரும்பு அல்லது எஃகுதான். மேல் ரிங்கின் முகத்தில் குரோமியம் அல்லது மாலிப்டினம் பூசியிருப்பார்கள்.

எடை குறைய வேண்டும் என்று சிலிண்டரையும் அலுமினியத்தில் செய்து, உள்சுவரில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு கொடுக்கும் முறை ஒன்று உண்டு. பந்தய இன்ஜின்களில் அருமையாக ஓடியது. 1990களில் ஐரோப்பாவில் விலையுயர்ந்த கார்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். ஆனால் கந்தகம் அதிகமுள்ள பெட்ரோல் விற்ற இடங்களில் அந்தப் பூச்சு அரித்துப்போய் பல இன்ஜின்களை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. சரக்கு உயர்ந்ததுதான், அது போய்ச் சேர்ந்த இடம் ஒத்துவரவில்லை. வியாபாரிகளுக்கு இது புதிய பாடமில்லை.

ராடு: வெட்டுத் தழும்பே விஷம்

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு ஒரு நொடியில் 12 டன்னில் நசுங்கி, அடுத்த நொடியில் இழுபடுகிறது. அதன் குறுக்குவெட்டைப் பார்த்தால், கட்டடத்துக்குப் போடும் இரும்பு உத்திரத்தின் வடிவம்தான். நடுவில் மெலிவு, இரு ஓரத்தில் கனம். குறைந்த எடையில் வளையாத பலம் கிடைக்க அதுவே வழி.

நல்ல ராடை வார்ப்பதில்லை, எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சுத்தியலால் அச்சில் அடிக்கிறார்கள். மரத்தில் நார் ஓடுவதுபோல் உலோகத்திலும் ஒரு நாரோட்டம் உண்டு. அடித்த எஃகில் அந்த ஓட்டம் ராடின் நீளத்தோடு போகும். விறகை நார்ப்பக்கமாகப் பிளப்பது சுலபம், குறுக்கே வெட்டுவது கடினம் என்பது நமக்குத் தெரியும்.

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது, முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறியும். இதைத்தான் உலோகக் களைப்பு என்கிறார்கள். நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்று எட்டு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட பத்து லட்சம் சுற்று. பதினோரு நாளில் ஒரு கோடி! எஃகுக்கு ஒரு நல்ல குணம். பாரம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி தடவையும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. சிறு பாரமானாலும் என்றைக்காவது ஒருநாள் களைத்துவிடும். சில நொடிகளே ஓடும் டிராக் பந்தயங்களில் அலுமினிய ராடு போட்டு, கெடு வைத்து மாற்றிவிடுவார்கள். நம் வண்டிக்கு அது ஆகாது.

களைப்பு எங்கே தொடங்கும்? மேற்பரப்பில் உள்ள கீறலில். அதனால்தான் நல்ல ராடின் மேல் சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மேல்தோலை இறுக்கிவைக்கிறார்கள். அதன்மேல் அடையாளத்துக்காக உளியால் வெட்டுப் போடுவதும், கிரைண்டர் போடுவதும் நாமே விரிசலுக்கு விதை போடுவதாகும்.

டைட்டானியம் என்றொரு உலோகம். எடை எஃகில் பாதிக்குக் கொஞ்சம் மேல், பலத்தில் நல்ல எஃகோடு போட்டி போடும். 1990இல் வெளிவந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ் கார்தான் விற்பனைக்கு வந்த கார்களில் முதன்முதலாக டைட்டானிய ராடு வைத்தது. ஆனால் விலை மிக அதிகம். வேறு உலோகத்தோடு உரசினால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. அதற்கென்று தனிப் பூச்சு வேண்டும்.

கிராங்கும் பேரிங்கும்

மூட்டை எங்கே கிழிகிறது? முனையில். கிராங்க் முறிவதும் முனையில்தான். அச்சும் பக்கச் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் வளைவாகக் கடைந்திருப்பார்கள். பாரம் அந்த வளைவில் பரவிப் போகும். தேய்ந்த கிராங்கைச் சாணை பிடிக்கும்போது அந்த வளைவை விடாமல் பிடிக்க வேண்டும். அவசரத்தில் மூலையைக் கூர்மையாக்கிவிட்டால், எவ்வளவு நல்ல எஃகானாலும் அங்கேயே விரிசல் விடும்.

கிராங்க் கடினம், அதன்மேல் போடும் பேரிங் செல் மிருது. தகரம் கலந்த அலுமினியம், அல்லது ஈயம் கலந்த செம்பு. இரண்டும் கடினமாக இருந்தால் என்ன? இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் தலைமுடியின் கனத்தில் சிறு பங்குகூட இல்லை. அதில் ஒரு மண்துகள் நுழைந்தால், மிருதுவான செல் அதைத் தனக்குள் புதைத்துக்கொண்டு கிராங்கைக் காப்பாற்றும். மலிவான செல் தன்னைக் கொடுத்து விலை உயர்ந்த கிராங்கைக் காக்கிறது. 1839இல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் மிருது உலோகப் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த யோசனை இன்றும் மாறவில்லை.

வால்வு

உள்ளே காற்று வாங்கும் வால்வுக்கு ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த காற்று படுகிறது. புகை விடும் வால்வுக்கோ இளைப்பாறலே இல்லை. அதன் தலை 700, 800 டிகிரி வரை போய்ச் செந்தணலாக இருக்கும். அந்தச் சூட்டில் சாதாரண எஃகு மெழுகாகிவிடும். அதனால் காற்று வால்வுக்குச் சிலிக்கானும் குரோமியமும் கலந்த எஃகு, புகை வால்வுக்கு 21 பங்கு குரோமியம், 4 பங்கு நிக்கல், கூட மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்ந்த வேறு எஃகு. தண்டின் நுனி அடிவாங்கும் இடம் என்பதால் அங்கே வேறொரு எஃகை உரசிப் பற்றவைப்பதும் உண்டு. இரண்டு வால்வும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். ஒன்றின் இடத்தில் மற்றதன் சரக்கைப் போட்டால் நிலைக்காது.

விமான இன்ஜினுக்கு இன்னொரு உபாயம் செய்தார்கள். வால்வின் தண்டைக் குடைந்து, பாதி அளவுக்குச் சோடியம் போட்டு மூடினார்கள். சோடியம் 98 டிகிரியில் உருகிவிடும். வால்வு ஆடும்போது உள்ளே குலுங்கி, தலையின் சூட்டை வாங்கித் தண்டு வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த வழியைச் செம்மைப்படுத்தியவர் சாம் ஹெரன். 1927இல் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக 33 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் பறந்தாரே, அந்த விமானத்தின் இன்ஜினில் இருந்தவை இத்தகைய வால்வுகள்தான். இன்றும் வேக கார்களில் இவை உண்டு.

பந்தய சரக்கு நமக்கு ஆகுமா?

2006இல் பார்முலா ஒன் பந்தய இன்ஜின் நிமிஷத்துக்கு 20,000 சுற்றைத் தொட்டது. எட்டு சிலிண்டர் சேர்ந்து 2.4 லிட்டர்தான், சக்தியோ 700 குதிரைக்கு மேல். அந்தப் பிஸ்டன் திரும்பும் இடத்தில் தன் எடையைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு இழுப்பைத் தாங்கியது. நம் லாரிப் பிஸ்டனுக்கு அது 650 மடங்கு. அப்படியானால் அந்தச் சரக்குதானே உயர்ந்தது என்று தோன்றும். அந்த இன்ஜின் இரண்டு பந்தயம் ஓடினால் அதன் கடமை முடிந்தது. நம் இன்ஜின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும்.

பந்தயத்துக்கென்று அடித்துச் செய்யும் பிஸ்டன் ஒன்றில் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அடியைத் தாங்கும், நொறுங்காது. ஆனால் அதிகம் விரியும். ஆகவே இடைவெளி கூட விட வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் கடகடவென்று தட்டும், ஆயிலையும் குடிக்கும். ‘ரேஸ் சாமான்’ என்று அதிக விலை சொல்லி யாராவது நீட்டினால் அதற்கும் மயங்க வேண்டாம். பட்டுப்புடவை நல்லதுதான், மூட்டை கட்டச் சாக்குதான் வேண்டும். உயர்ந்த சரக்கு எது என்று கேட்பதைவிட, இந்த வேலைக்கு ஏற்ற சரக்கு எது என்று கேட்பதே சரி.

நாம் செய்யக்கூடியவை

1. இன்ஜின் வேலை என்றால் பிஸ்டன் செட்டை நம் கடைத் தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம். செட்டுக்குள் சில கிராமுக்கு மேல் பேதம் இருந்தால் திருப்பிக் கொடுப்போம். எடை சரியாக இருப்பதால் மட்டும் நல்ல சரக்கு ஆகிவிடாது. ஆனால் எடை தவறினால் அது நல்ல சரக்கு இல்லை என்பது நிச்சயம்.

2. பில் இல்லாமல் வாங்கக்கூடாது. பில் இல்லாத சரக்கைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, கேள்வி கேட்கவும் வாயில்லை.

3. ராடின் மூடியையும் ராடையும் ஜோடி மாற்றக்கூடாது. இப்போது பல ராடுகளை முழுதாகச் செய்து, பிறகு உடைத்துத்தான் மூடியைப் பிரிக்கிறார்கள். உடைந்த முகம் அதன் ஜோடியோடு மட்டுமே பொருந்தும். ராடு போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்காமல், அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள். ஒருமுறை இறுக்கியபின் மாற்ற வேண்டிய போல்ட் என்று கம்பெனி சொல்லியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

4. கிராங்க் சாணை பிடிக்கக் கொடுத்தால், மூலை வளைவு இருக்கிறதா என்று மேஸ்திரியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. ஏர் பில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். சிலிண்டரையும் ரிங்கையும் தின்பது தூசிதான். ஆயில் கெடு தாண்டக்கூடாது.

6. புது வேலை செய்த இன்ஜினை, ரிங் படியும் வரை முழு பாரம் ஏற்றி விரட்டக்கூடாது. தீபாவளிச் சரக்கு காத்திருக்கிறது என்று இன்ஜினுக்குத் தெரியாது.

முடிவாக ஒரு வார்த்தை

ஆயிரத்து எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடித்தோம் அல்லவா? மறுபடியும் போர், பிஸ்டன் செட், செல், கூலி, பதிமூன்று நாள் வாடகை வண்டி எல்லாம் சேர்த்து அறுபத்து எட்டாயிரம் ரூபாய் போயிற்று. சாமான் விற்றவரிடம் கேட்கப் போனால், எங்கள் கையில் பில் இல்லை. “எங்கள் கடையில் வாங்கியதற்கு என்ன அத்தாட்சி?” என்றார். அவர் கேட்டது சட்டப்படி சரிதான். சங்கக் கூட்டத்தில் மேடையேறி, “வாடிக்கையாளர்கள் பில் கேட்டு வாங்க வேண்டும்” என்று பேசியவர்கள் நாங்கள். வெட்கத்தை விட்டு இதை இங்கே எழுதுகிறோம்.

பணத்தைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம். டிரைவர் விஷயம் அப்படி இல்லை. தராசில் பிஸ்டனை நிறுத்துப் பார்த்த மறுநாள் காலை, திட்டிய அதே வாசலில், மூட்டை தூக்குகிறவர்களையும் நிற்கச் சொல்லி, “தப்பு எங்கள் மேல்தான், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டோம். “பரவாயில்ல அண்ணாச்சி” என்றார். இன்றும் எங்கள் வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். வண்டி வேலைக்குச் சாமான் வாங்கப் போனால் இப்போது அவரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம். பில்லை அவரே கேட்டு வாங்கிவிடுகிறார்.

நம்மிடம் நல்ல சரக்கு கேட்டு வருகிறவருக்கு நாம் நல்ல சரக்கு கொடுப்போம். நமக்கு வேண்டிய சரக்கையும் அதே கண்ணோடு பார்த்து வாங்குவோம்.